ஆற்றங்கரை ஆள்

ஆற்றங்கரையில் சிவகௌரி வரைந்த ஐந்து ஓவியங்கள் டூங்கபி ஊர் மண்டபத்தில் தொங்கின. கிட்டப் போனால் வெறும் வண்ணத் தீற்றல்கள். தள்ளி நின்றால் ஆறு, மரம், முதுகைக் காட்டி அமர்ந்திருக்கும் ஒருவன். ஐந்திலும் அதே ஆள். அவள் கணவன் விக்னராஜாவுக்கு வயிறு எரிந்தது.

"ஆர் இவன்?"

"ஏன், வடிவாயில்லையே?"

"வடிவோ? உச்சியில வழுக்கை! இவனையோ இவ்வளவு நேரம் பாத்துக்கொண்டிருந்தனீர்?"

"ஓம். ஒவ்வொரு ஞாயிறும்."

அவன் முகம் கறுத்தது. சிவகௌரி அவனுக்குப் பின்னால் போய்க் கைபேசியில் ஒரு படம் எடுத்து நீட்டினாள். விக்னராஜா தன் உச்சந்தலையை முதன்முறையாகப் பார்த்தான்.

"என்னோட பிக்னிக் வந்து முழுநாளும் போனையே பாக்கிறீங்கள். ஒருக்காலாவது என்ர பக்கம் திரும்பியிருந்தால் முகத்தையும் படத்தில கீறியிருப்பன்."