பத்தாவது கூடை

மீன்களின் வயதைக் கணக்கிட எழிலரசி இரண்டு ஆண்டுகளாகத் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்தாள். படகிலிருந்து இறங்கும் விளமீன் கூடைகளில் பத்தாவதை மட்டும் எடுப்பாள். மீனின் தலையைப் பிளந்து, காதுக்கல்லில் உள்ள வளையங்களை எண்ணுவாள். வளையத்துக்கு ஒரு வயது. எப்போதும் ஐந்து, ஆறு என்றே வந்தது. வளர்ந்த மீன்கள் நிறைய இருப்பதால் கடல் செழிப்பாக இருக்கிறது என்று அவள் எழுதியதை நம்பித்தான் மீன்வளத்துறை அலுவலகத்தில் மீன்பிடித் தடைக்காலத்தைக் குறைக்கப் பேசிக்கொண்டிருந்தார்கள்.

அன்று சீக்கிரமே வந்துவிட்டாள். படகுக்காரர் ஸ்தனிஸ்லாஸ் பெரிய மீன்களாகப் பொறுக்கி ஒரு கூடையில் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்ன அண்ணாச்சி செய்றீங்க?"

"ஒங்க கூடைதாம்மா. வெயில்ல நிக்கிற பிள்ளைக்குச் சின்னதையா குடுக்க? எல்லா போட்லயும் இப்படித்தான் எடுத்து வைப்போம்."

அவள் நான்காவது கூடையைக் கேட்டாள்.

"அது பூரா குஞ்சுல்லா!"

முப்பது மீன்களை அறுத்தாள். முப்பது கல்லிலும் ஒரு வளையம்தான் இருந்தது. தன் இரண்டு ஆண்டு அறிக்கைகளும் தவறு என்று அங்கேயே நின்று அலுவலகத்துக்குத் தொலைபேசியில் சொன்னாள்.

ஸ்தனிஸ்லாஸின் முகம் வாடிவிட்டது. "அப்ப நாங்க இத்தன நாளா குடுத்தது?"

"நல்ல மீன் அண்ணாச்சி" என்றபடி அடுத்த கூடையை இழுத்தாள்.