சொந்த ஆளை இடிக்கலாமோ?

"சொந்த ஆளையே இடிக்கிறாங்கள், மாஸ்டர். இது உதைபந்தாட்டமோ, இல்லாட்டித் தேயிலைத் தோட்டத்துத் துரைமார் விளையாடுற றக்பியோ?"

இடைவேளை விசில் ஊதி முடியவில்லை, மயில்வாகனம் மைதானத்துக்குள் வந்துவிட்டார். நெடுங்கேணிச் சங்கக்கடைக்கு மனேஜர். அந்த ஊர் உதைபந்துக் கழகத்துக்கும் அவர்தான் மனேஜர். கடையில் சீனி இருக்கிறதோ இல்லையோ, அவருடைய சட்டைப்பையில் விளையாட்டுச் சட்டப் புத்தகம் இருக்கும்.

மத்தியஸ்தர் பரமலிங்கம் மாஸ்டர் நெற்றி வியர்வையைத் துடைத்துக்கொண்டார். அறுபத்திரண்டாம் ஆண்டுக் கோப்பையின் இறுதி ஆட்டம். இரண்டு பக்கமும் ஒவ்வொரு கோல்.

முல்லைத்தீவிலிருந்து பஸ் பிடித்து வந்த அணி, தொடக்கத்திலிருந்தே ஒரு விசித்திரமான வேலை செய்துகொண்டிருந்தது. அவர்களுடைய முன்வரிசைக்காரன் ஜெமீலை அவனுடைய ஆட்களே ஓடிவந்து தோளால் இடித்தார்கள். வலத்தோளில் இடித்தால் வலப்பக்கம் பாய்ந்தான். இடத்தோளில் இடித்தால் இடப்பக்கம். பாய்ந்த இடத்துக்குப் பந்து வந்தது. நெடுங்கேணியின் பின்வரிசைக்காரன் ஏரம்பு வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"புத்தகத்தில என்ன போட்டிருக்கு? எதிராளியைத் தோளோட தோள் இடிக்கலாம். சொந்த ஆளை இடிக்கலாமெண்டு எங்கையும் போடேல்லை."

"இடிக்கக் கூடாதெண்டும் போடேல்லையே, மனேஜர்."

மயில்வாகனம் பக்கங்களைப் புரட்டினார். உண்மைதான், போடவில்லை. இப்படியும் ஒரு கூத்து நடக்கும் என்று சட்டம் எழுதினவன் கனவிலும் நினைத்திருக்க மாட்டான்.

மனிதர் விடுவாரா?

"சரி, அது கிடக்கட்டும். விசில் ஊதினாலும் அந்த ஜெமீல் நிக்கிறானில்லையே, அதுக்குச் சட்டம் இருக்கெல்லோ?"

"ரெண்டு தரம் எச்சரிச்சுப் போட்டன். மூண்டாந்தரமும் நிக்காட்டி ஆள் வெளியில."

மயில்வாகனத்துக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. ஜெமீல் வெளியே போனால் கோப்பை நெடுங்கேணிக்குத்தான். ஏழு வருசமாகக் கிட்ட வந்து கிட்ட வந்து கைநழுவின கோப்பை.

அத்தோடு போய் இருந்திருக்கலாம். வாய் சும்மா இருந்தால்தானே? முல்லைத்தீவு அணியைப் பழக்கிய கச்சு முகம்மதுவிடம் நேரே போனார். அண்ணன் முறையில் எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"என்ன நானா, இதுதானோ நீங்கள் பழக்கின லட்சணம்? அந்தப் பொடியன் ஒண்டும் கேக்காதவன் போல கிடக்கு."

"ஓம் மனேஜர். அவன் கேக்காத பொடியன்தான்."

"தாய் சொன்னாலுமோ?"

"உம்மா கூப்பிட்டாலும் கேக்காது."

"மாஸ்டர் விசில் ஊதினாலுமோ?"

"வானம் இடிச்சாலும் கேக்காது, மனேஜர்."

சொல்லிவிட்டுக் கச்சு முகம்மது தன் காதைத் தொட்டுக் காட்டினார்.

மயில்வாகனத்துக்கு அப்போதுதான் விளங்கியது.

"ஏழு வயசில வந்த காய்ச்சல், காதைக் கொண்டு போட்டுது. பந்து வாற பக்கத்தைத் தோளால இடிச்சுத்தான் அவனுக்குச் சொல்லுறம். விசில் ஊதினால், ஆராவது ஓடிப்போய் ஒரு இடி வைச்சாத்தான் சுத்திப் பார்த்து நிப்பான்."

"இதை மாஸ்டரிட்டைச் சொன்னாலென்ன?"

"போன வருசம் வேறொரு ஊரில சொன்னனான். காது கேக்காதவனை இறக்கினால் ஆபத்தெண்டு வெளியில இருத்திப் போட்டினம். அண்டைக்கு அவன் அழுததை என்னாலை பார்க்கேலாமல் போச்சு. ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதீங்கோ, மனேஜர்."

மயில்வாகனம் சட்டப் புத்தகத்தை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்தார். எல்லைக்கோட்டோரம் போய் நின்றார். வெட்கம் அவரைப் பிடுங்கித் தின்றது.

ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருந்தது. பந்து ஜெமீலின் காலில். பின்னால் யாரோ யாரையோ தள்ளிவிட, மாஸ்டர் விசில் ஊதினார். இருபத்தொரு பேர் நின்றார்கள். ஜெமீல் ஓடிக்கொண்டிருந்தான்.

அவனுடைய ஆட்கள் எல்லாரும் எட்டாத தூரத்தில். கிட்ட நின்றவன் ஏரம்பு மட்டும். மாஸ்டர் இன்னொரு தரம் ஊதினார். அவருடைய கை, பெயர் எழுதும் குறிப்புப் புத்தகத்தைத் தேடிச் சட்டைப்பைக்குள் போனது.

மயில்வாகனம் இன்னும் ஒரு நிமிடம் வாயை மூடிக்கொண்டு நின்றால் போதும். கோப்பை ஊருக்கு வந்துவிடும்.

"ஏரம்பு, அவனை இடியடா. தோளில இடி."

ஏன், எதற்கு என்று ஏரம்புவுக்குத் தெரியாது. மனேஜர் சொன்னால் அவனிடம் மறுபேச்சு இல்லை. ஓடிப்போய்த் தோளோடு தோள் ஒரு இடி வைத்தான்.

ஜெமீல் சுற்றிப் பார்த்தான்; எல்லாரும் நிற்பதைக் கண்டு அந்த இடத்திலேயே நின்றான். திரும்பி மாஸ்டரைப் பார்த்து, பந்தை எடுத்துக்கொண்டுபோய் மரியாதையாக அவர் கையில் கொடுத்தான். மாஸ்டர் குறிப்புப் புத்தகத்தை வெளியே எடுக்கவில்லை. ஆனால் சனம் மயில்வாகனத்தைப் பார்த்துக் கூ அடித்தது. மாஸ்டரும் நேரே அவரிடம்தான் வந்தார்.

"கோட்டுக்கு வெளியில நிண்டு சொல்லிக் குடுக்கிறதே குற்றம். விசில் ஊதின பிறகு ஆளை இடிக்கச் சொல்லுறீரோ? வெளியில போம். சொந்த ஆளை இடிக்கிறதே பிழையெண்டு என்னோட வழக்குப் பேசின மனுசனெல்லோ நீர்?"

மயில்வாகனத்துக்குக் கோபம் வரவில்லை. போவதற்குத் திரும்பினவர் ஒரு கணம் நின்றார்.

"அதில நீங்கள் சொன்னதுதான் சரி, மாஸ்டர். இப்ப நான் இடிக்கச் சொன்னதும் சொந்த ஆளைத்தான்."