திங்கட்கிழமை வேலை

“நான் விழுந்ததுகூடப் பரவாயில்லை, பாஸ்டர். விழுந்து கிடந்தப்போ பாட்டுக்குழு மொத்தமும் சிரிச்சுது பாருங்க, அதைத்தான் மன்னிக்க முடியலை” என்றார் சபையின் பொருளாளர்.

பாஸ்டருக்குத் தலை நிமிரவில்லை. முந்தின நாள் ஆராதனையில் பொருளாளர் உட்கார்ந்ததும் நாலாவது பெஞ்சின் கால் கழன்று, அவர் தம் முழு எடையோடு தரைக்கு வந்துவிட்டார். இனிமேல் இந்த ஓட்டை பெஞ்சுகளே வேண்டாம், மாதக் கடைசிக்குள் பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிவிடுவோம் என்று முடிவு கட்டிவிட்டுத்தான் இன்று காலை வந்திருந்தார். இடுப்பைப் பிடித்துக்கொண்டு பேசுகிறவரிடம் யார் எதிர்வாதம் செய்வது?

அவர் நொண்டிக்கொண்டே போனதும் பாஸ்டர் அந்த நாலாவது பெஞ்சருகே போய் நின்றார். அந்த பெஞ்சுக் காலின் ஸ்க்ரூவைத் தளர்த்தி வைத்தவரே பாஸ்டர்தான்.

கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. அவர் இந்தச் சபைக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வந்த புதிதில், மனைவியை இழந்த எண்பது வயதுத் தச்சர் ஒருவர் ஆலய வாசலில் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, ஆண்டவர் தன்னை இன்னும் எதற்கு வைத்திருக்கிறார் என்று கேட்டார். அடுத்த ஞாயிறே முதுமையைப் பற்றிப் பாஸ்டர் உருகி உருகிப் பிரசங்கம் செய்தார். தச்சர் பத்து நிமிஷத்தில் தூங்கிவிட்டார்.

மறுநாள், ஆலயத்தில் ஒரு பெஞ்சு ஆடுகிறது என்று கேள்விப்பட்டு அதே தச்சர் பையைத் தூக்கிக்கொண்டு வந்து பாஸ்டர் வீட்டுக் கதவைத் தட்டினார். கையிலிருந்த காய்ந்த ரொட்டியோடு கதவைத் திறந்த பாஸ்டர், ஒரு மணி நேரம் கழித்து வேறு ஒரு மனிதரைப் பார்த்தார். சுத்தியலைப் பிடித்ததும் அந்த முகத்தில் அப்படியொரு தெளிவு. இத்தனை பிரசங்கக் குறிப்பு எடுத்ததற்குப் பதில் ஒரு ஸ்க்ரூவே போதுமாக இருந்திருக்கிறதே என்று அவருக்கு ஆகிவிட்டது.

அன்றிலிருந்து சனிக்கிழமை மாலைகளில் பாஸ்டர் ஏதாவது ஒரு பெஞ்சுக்கு அடியில் படுத்து, ஒரே ஒரு ஸ்க்ரூவை இரண்டே சுற்று தளர்த்தி வைப்பார். ஆலயத்தைக் கூட்டுகிற அம்மா இதை ஒருமுறை பார்த்துவிட்டு, நம்ம பாஸ்டர் தரையில் விழுந்து ஜெபிக்கிறார் என்று ஊரெல்லாம் சொல்லிவிட்டார். பாஸ்டர் மறுக்கவும் இல்லை, ஒப்புக்கொள்ளவும் இல்லை.

தச்சரும் மாறிப்போனார். ஞாயிறு காலை முதல் ஆளாக வந்து, ஏதாவது ஒரு பெஞ்சருகே முழங்கால் போட்டுவிடுவார். இந்த வயதில் என்ன பக்தி பாருங்கள் என்று பாஸ்டர் பிரசங்கத்திலேயே அவரை உதாரணம் காட்டினார். திங்கட்கிழமை தவறாமல் தச்சர் பழுது பார்க்க வருவார். வேலையைச் சீக்கிரமே முடித்துவிட்டு, பாஸ்டரின் சமையலறையில் உட்கார்ந்து மதியம் வரை பேச்சு. மருமகள் அதிகமாகக் கட்டிவிட்டாள் என்று தன் சாப்பாட்டில் பாதியைத் தள்ளிவிடுவார். பாவம், பேச ஆளில்லாத மனுஷர் என்று, பாஸ்டரும் தமக்கு இருந்த ஒரே ஓய்வு நாளை அவருக்கு விட்டுக்கொடுத்திருந்தார்.

பெஞ்சே இல்லையென்றால் இனி அவர் என்ன செய்வார்? மோட்டுவளையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாரே.

சொல்லி வைத்த மாதிரி தச்சர் வந்து சேர்ந்தார். கழன்ற காலைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பாஸ்டரால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. நாற்காலி வரப்போவது, ஸ்க்ரூவைத் தளர்த்தியது, எதற்காகத் தளர்த்தியது எல்லாவற்றையும் ஒரே மூச்சில் கொட்டிவிட்டார்.

தச்சர் நிமிர்ந்தார். “எத்தனை சுத்து தளர்த்துனீங்க?”

“ரெண்டே சுத்துதான் ஐயா. சத்தியமா.” சத்தியம் செய்யக் கூடாது என்று தாம் போன மாதம் பிரசங்கித்தது பாஸ்டருக்கு நினைவில் இல்லை.

“அதானே. நேத்துக் காலையில நானும் ரெண்டு சுத்துதான் தளர்த்துனேன். கால் எப்படிக் கழண்டுச்சுன்னு மண்டையை உடைச்சுக்கிட்டிருக்கேன். இத்தனை பெஞ்சு இருக்கையில ரெண்டு பேரும் அதையேவா பிடிக்கணும்?”

முழங்கால் ஜெபத்தின் ரகசியம் இப்போதுதான் பாஸ்டருக்கு விளங்கியது. சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. வேலை வேண்டுமென்றால் தம்மிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே என்றார்.

தச்சருக்கு ரோஷம் வந்துவிட்டது. “எனக்கா வேலையில்லை?” என்றவர், செவ்வாயிலிருந்து சனி வரை ஆஸ்பத்திரிக் கட்டில்களுக்குக் கால் போடுவதும், நடக்க முடியாதவர்கள் வீட்டுக் குளியலறையில் கைப்பிடி வைப்பதுமாகத் தனக்கு மூச்சுவிட நேரமில்லை என்றும், திங்கட்கிழமை மட்டும்தான் ஓய்வு என்றும் சொன்னார்.

“அப்புறம் எதுக்கு ஐயா பெஞ்சைக் கழட்டுனீங்க?”

தச்சர் பையிலிருந்து சாப்பாட்டுப் பாத்திரத்தை எடுத்து அவர்முன் வைத்தார்.

“ஆண்டவர் என்னை இன்னும் எதுக்கு வெச்சிருக்காருன்னு கேட்டேன்ல, மறுவாரமே பதில் சொல்லிட்டாரு. ஊர்ல ஒருத்தரையும் தெரியாம, மத்தியான நேரத்துல காய்ஞ்ச ரொட்டியோட கதவைத் திறந்து நின்னீங்களே, அவர் எனக்குக் குடுத்த முதல் வேலையே நீங்கதான், பாஸ்டர். நாற்காலி வந்தா வரட்டும், இனிமே சாக்குச் சொல்லாமலே வர்றேன். இப்ப ஆறுறதுக்குள்ள சாப்பிடுங்க.”