திரும்பிப் பார்க்காதவன்

“மின்னலே வந்திருக்கு, மேடம். கதவைச் சாத்திடவா? மறுபடி ஓடிடப் போகுது.”

தலைமை எழுத்தர் சிரிக்காமல்தான் சொன்னார். கல்லூரி முதல்வரின் மேசைக்கு முன்னால் நின்றவனுக்கு நாற்பது வயது. வழுக்கை, சின்னத் தொப்பை. ஒரு காலத்தில் இந்தக் கல்லூரிக்கு ரிலே ஓட்டத்தில் பரிசுகளாகக் குவித்த ‘மின்னல்’ இவன்தான் என்றால், அந்தப் பரிசுகளே நம்பாது.

கடைசித் தேர்வன்று அவன் போட்டியில் ஓடிக்கொண்டிருந்தான். அவன் இடத்தில் வேறொருவன் உட்கார்ந்து தேர்வு எழுதினான். மாட்டியதும் கல்லூரி இவனை வெளியே அனுப்பியது. இப்போது ஒரு பள்ளியில் தற்காலிகப் பயிற்சியாளர். பட்டத்தை முடித்தால்தான் வேலை நிலைக்கும். அதற்குத்தான் திரும்பச் சேர வந்திருக்கிறான்.

போன வருடம்தான் பொறுப்பேற்ற முதல்வர், பழைய விடைத்தாளைப் புரட்டினார். மாட்டிய விதம் எளிது. இவன் எழுத்தில் புள்ளியே இருக்காது, அதிலும் ஓட்டம்தான். விடைத்தாளிலோ மெய்யெழுத்தின் தலையில் புள்ளிக்குப் பதில் பூஜ்யம் மாதிரி ஒரு குட்டி வட்டம். ஓர் இடத்தில்கூடத் தவறவில்லை.

“ஆள் வெச்சுதான் வெச்சீங்க, நல்லாப் படிக்கிற ஆளா வெச்சிருக்கக் கூடாதா? முப்பத்தெட்டு மார்க்குதான்” என்றார் முதல்வர்.

“அந்த வருஷம் கேள்வித்தாள் ரொம்பக் கஷ்டம், மேடம்” என்றார் தலைமை எழுத்தர், கொஞ்சம் சூடாக.

எழுதிக் கொடுத்தவன் பெயரைச் சொன்னால் சேர்த்துக்கொள்ள விதியில் இடமிருக்கிறது, சொல்லாவிட்டால் இல்லை என்று முதல்வர் பொறுமையாக விளக்கினார்.

அவன் கையைப் பின்னால் நீட்டிக் காட்டினான்.

“ரிலேயில கோலை வாங்குறவன் திரும்பிப் பார்க்க மாட்டான், மேடம். பார்த்தா வேகம் போயிடும். கையை மட்டும் பின்னால நீட்டிட்டு ஓடணும். வர்றவன் சரியா வைப்பான்னு நம்பணும். நான் கையை நீட்டினேன், அவன் வெச்சான். இப்ப வேலை, குடும்பம்னு நல்லா இருக்கான். இருந்துட்டுப் போகட்டும்.”

“அடடா, அரிச்சந்திரனுக்குக் கூடப்பொறந்த தம்பி” என்றார் தலைமை எழுத்தர். “இந்த நேர்மை அன்னிக்கு எங்க போயிருந்துச்சு? அதுவும் ஓடப் போயிருந்துச்சா?”

“ஆமா, சார்” என்றான் அவன்.

முதல்வர் பெருமூச்சு விட்டார். விதி விதிதான். மறுப்புக் கடிதம் தயார் செய்யச் சொன்னார்.

வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து எல்லாவற்றையும் கணினியில் தட்டியே பழகிய தலைமை எழுத்தருக்கு, அன்று அச்செடுக்கும் வரைகூடப் பொறுமையில்லை. மேசையிலிருந்த வெள்ளைத்தாளை இழுத்தார். நாலே வரி, நின்றபடியே எழுதி முடித்தார்.

“ஒரு கையெழுத்துப் போடுங்க, மேடம். மின்னல் வீட்டைப் பார்த்து ஓடட்டும்.”

முதல்வர் பேனாவைத் திறந்தார். பிறகு மூடினார். கடிதத்தைப் பழைய விடைத்தாளுக்குப் பக்கத்தில் நகர்த்தி வைத்தார்.

நாலு வரியிலும் புள்ளி ஒன்றுகூட இல்லை. எல்லாம் குட்டிக் குட்டி வட்டங்கள்.