சோலையில் பதிந்தது

சுசித்ராவின் தலையில் ஹெட்போனை மாட்டிவிட்டு, சிவமுருகன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்தான்.

மதியம்தான். ஆனாலும் ஏரிப் பக்கமிருந்து ஏறி வந்த மேகம் ஜன்னலை அடைத்திருந்தது.

மலைக் கிராமமான கவுஞ்சிக்காரன் அவன். அப்பாவின் கேரட் வயலுக்கு மருந்தடிக்கும், காதோரம் இரையும் மோட்டாரைப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்தே முதுகில் சுமந்தவன். இப்போது கொடைக்கானலில் ஒரு வாடகை அறை, ஒரு லேப்டாப்.

அவன் இசையில் பாட்டு கிடையாது. அடிவயிற்றை அதிரவைக்கும் கனத்த ஓசைகள் மெல்ல எழும், மெல்ல அடங்கும். அவ்வளவுதான்.

அதற்கும் எங்கெங்கோ ஆள் சேர்ந்துவிட்டது. ‘இத்தனை இருட்டை எங்கிருந்து எடுக்கிறாய்?’ என்று ஜெர்மனியிலிருந்து ஒருவன் எழுதியிருந்தான். அங்கே ஒரு சின்னக் கம்பெனி அவனுடைய முதல் ஆல்பத்தைக் கேட்டுக் காத்திருந்தது.

இருட்டு என்று அவர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பதுதான் அவனுக்குப் புரியவில்லை.

அவனுடைய தோழி சுசித்ரா பியானோ டீச்சர். அவள் கேட்டுச் சரி என்று சொல்லாமல் எதையும் அவன் வெளியே விடுவதில்லை.

இதுவரை எல்லாம் லேப்டாப்பிலேயே உருவாக்கியது. ஆல்பத்தின் கடைசித் துண்டுக்காகத்தான் முதல்முறையாக மைக்கைத் தூக்கிக்கொண்டு சோலைக்காட்டுக்குள் போய்ப் பதிவு செய்து வந்திருந்தான்.

அவனுடைய அந்தக் கனத்த அதிர்வு எழுந்தது. பிறகு ஒதுங்கிக் காட்டுக்கு வழிவிட்டது.

சுசித்ரா சட்டென்று ஒலியைக் குறைத்தாள்.

சில்வண்டுகள். காடே திரண்டு வந்து கத்துவதுபோல் காதைக் கிழித்தன.

துணிந்துவிட்டான் என்று நினைத்தாள். இவ்வளவு நாள் கனத்த கீழ்ச் சுரங்களிலேயே கிடந்த இசையைக் கீச்சென்ற உச்சிக்கு ஏற்றிவிட்டான். சந்தோஷமாக நிமிர்ந்தாள்.

அவன் முந்திக்கொண்டான்.

“அந்த எடம் வந்துருச்சா? ஒரு பூச்சிகூடக் கத்தல பாத்தியா? காடு எம்புட்டு அமைதியா கெடக்கு! அதுல நான் கையே வைக்கல.”

அவன் கண்களில் விளையாட்டு இல்லை.

ஹெட்போனுக்குள் சில்வண்டுகள் விடாமல் கத்திக்கொண்டிருந்தன. முழுவதும் முடியும்வரை அவள் கழற்றவில்லை. முடிந்ததும் மடியில் வைத்துக்கொண்டு, குரலைச் சாதாரணமாக வைத்துக் கேட்டாள்.

“சிவா, நாளைக்கு மதுர வரைக்கும் போயிட்டு வருவமா? ஒரு காது டாக்டரப் பாக்கணும்.”

அவன் பதறிப்போய் எழுந்து அவள் பக்கத்தில் வந்து நின்றான்.

“அய்யய்யோ, ஒன் காதுக்கு என்னாச்சு?”