தாடைக்குக் கீழே

"ஏம்மா, எனக்கு முன்னாடி வேற யாராவது உனக்கு கான்டூர் போட்டு விட்டாங்களா?"

கையில் பிரஷ்ஷோடு ரேணுகா கேட்டதும், மணப்பெண் யுவராணி கண்ணாடியில் திருதிருவென்று விழித்தாள்.

"அப்படின்னா என்னக்கா?"

"கன்னத்துக்குக் கீழ, தாடைக்குக் கீழ கருங்காப்பி கலர்ல நிழல் மாதிரி இழுத்து விடுவோம். முகம் எடுப்பா தெரியும். உனக்குத்தான் ஏற்கெனவே இழுத்து வச்ச மாதிரி இருக்குதே!"

யுவராணி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"இது உப்பு போட்டது அக்கா."

"உப்பா?"

"உப்பளத்துல வாருறேன்ல. தலைக்குத் துண்டு கட்டிக்கிட்டா மேல இருந்து வர்ற வெயில் படாது. கீழ உப்புல பட்டு மூஞ்சியில எகிறி அடிக்குது பாருங்க, அதுக்கு எதைக் கட்டுறது?"

ரேணுகாவுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மணிக்கணக்கில் உட்கார்ந்து அவள் போடுவதை மரக்காணத்து வெயில் சும்மாவே போட்டு அனுப்பியிருக்கிறது!

யுவராணி சிரிக்கவில்லை.

"அக்கா, இது வெளிய தெரியக் கூடாது. ஆரோவில்ல தையல் வேலைக்குப் போறேன்னு சொல்லித்தான் அம்மா சம்பந்தம் பேசிச்சு. மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வானூர் பக்கம் நிலம் நீச்சுன்னு இருக்கிறவங்க. இதுக்கு முன்னாடி ஒரு பொண்ணை, உப்பளத்து வேலைன்னு தெரிஞ்சதும் மாப்பிள்ளையோட அத்தை வேணாம்னுட்டாங்களாம். காலையில தாலி கட்டணும். அதுக்குள்ள தெரிஞ்சுதுன்னா..."

கண் கலங்கிவிட்டது.

"அழுது வச்சேன்னா பவுண்டேஷன் ஒட்டாது தாயே. நான் எதுக்கு இருக்கேன்?"

ரேணுகா கருப்பை வெளுப்பாக்கும் ரகம் இல்லை. பெண்களுக்குச் சுண்ணாம்பு அடித்து ரிசப்ஷன் மேடையில் ஏற்றுகிறவர்களைக் கண்டாலே அவளுக்கு ஆகாது. யுவராணியின் நெற்றி நிறத்துக்கே பவுண்டேஷன் எடுத்தாள். கன்ன மேட்டுக்கு வெள்ளி மினுக்கு சரிப்படாது, தங்க மினுக்குதான் என்று ஹைலைட்டரையும் எடுத்து வைத்துக்கொண்டாள். நெற்றியில் பவுண்டேஷனை நாலு பொட்டு வைத்திருப்பாள், கதவு திறந்தது.

மாப்பிள்ளையின் அம்மா ராசம்மாளும், அவளுடைய நாத்தனார் மங்கம்மாவும் நின்றிருந்தார்கள். மங்கம்மாதான் அந்த அத்தை.

"வாங்க அத்தை" என்று யுவராணி எழுந்து, இருவரையும் நிமிர்ந்து பார்த்தாள்.

மங்கம்மாவுக்கு அதுவே பிடிக்கவில்லை.

"என்னம்மா இது, பொண்ணு இப்படி நேருக்கு நேரா பார்க்குது! எங்க அண்ணி வந்த புதுசுல ரெண்டு வருசம் குனிஞ்ச தலை நிமிரல. இன்னைக்கும் எங்க ஊர்ல மருமகள்னா அண்ணியைத்தான் சொல்லுவாங்க. இல்ல அண்ணி?"

ராசம்மாள் யுவராணியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அது என்ன, தாடைக்குக் கீழ மட்டும் தனியா கருப்பு?" மங்கம்மா செல்போன் லைட்டைப் போட்டுக்கொண்டு கிட்டே வந்தாள்.

யுவராணியின் கை, பக்கத்தில் நின்ற ரேணுகாவின் துப்பட்டாவைக் கெட்டியாகப் பிடித்தது.

அதற்குள் ராசம்மாள் குறுக்கே பாய்ந்து ரேணுகாவைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏம்மா, தொழில் தெரிஞ்சுதான் வந்தியா நீ? கழுத்துகிட்ட கரியை அப்பி வச்சிருக்க! லட்சணமான பொண்ணை இப்படியா அசிங்கம் பண்ணுவ?"

ரேணுகாவுக்குச் சுருக்கென்றது. தாடைப் பக்கம் அவள் கையே இன்னும் போகவில்லை. 'நான் அங்க ஒண்ணுமே பூசலைங்க' என்பது நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் அவள் பேர் பிழைக்கும். இந்தப் பெண்ணின் கல்யாணம்?

துப்பட்டா இன்னொரு முறை இழுபட்டது.

"தப்புதாங்கம்மா. கை கூடிப்போச்சு. துடைச்சு சரி பண்ணிடறேன்."

"நல்லவேளை, கண்ணால பார்த்தேன்" என்றாள் மங்கம்மா. "ஐப்பசியில என் பொண்ணு கல்யாணத்துக்கு இவளைத்தான் சொல்லலாம்னு இருந்தேன். வேணாம்டா சாமி."

அவள் வெளியே போக, ராசம்மாளும் பின்னாலேயே போனாள்.

ரேணுகாவுக்கு மனசு ஆறவில்லை. என்ன வாய் இந்த அம்மாவுக்கு! இவளை மாமியாராக வைத்துக்கொண்டு இந்தப் பெண் எப்படித்தான் காலம் தள்ளுமோ? புலம்பிக்கொண்டே ஸ்பாஞ்சில் பவுண்டேஷனைத் தொட்டு யுவராணியின் தாடைக்குக் கீழே கொண்டு போனாள்.

கதவு மறுபடியும் திறந்தது. ராசம்மாள் மட்டும் வந்து உள்ளே தாழ்ப்பாள் போட்டாள்.

"அங்க பூசாதம்மா, விடு. வேர்த்து ஊத்தினா எப்படியும் தெரிஞ்சுடும்."

"நீங்கதானேம்மா இப்ப..."

"கோவிச்சுக்காத. மங்கா லைட்டை அடிச்சுக்கிட்டுப் போறா. என்ன சொல்றதுன்னு தெரியாம உன்மேல பழியைப் போட்டுட்டேன். அவ பொண்ணு கல்யாணத்துக்கும் நீதான் வர்ற. அது என் பொறுப்பு."

"அத்தை... உங்களுக்குத் தெரியுமா?" யுவராணியின் தலை தானாகக் குனிந்துவிட்டது.

ராசம்மாள் அவள் தாடைக்குக் கீழே விரலைக் கொடுத்து முகத்தை நிமிர்த்தினாள்.

"நானும் இதே உப்பளத்துல வாரினவதான். மாமியார் வீட்டுல இன்னைக்கு வரைக்கும் ஒருத்தருக்கும் தெரியாது. கல்யாணத்துக்கு அப்புறம் இந்தக் கருப்பு மறைய ரெண்டு வருசம் ஆச்சு. யார் கண்ணுலயும் படக் கூடாதுன்னு அதுவரைக்கும் குனிஞ்சே கிடந்தேன். அடக்கமான மருமகள்னு பேர் குடுத்துட்டாங்க! நீ நிமிர்ந்தே இரு கண்ணு. மங்கா மறுபடி கேட்டா, ரெண்டு பேருமா சேர்ந்தே சொல்லிக்கலாம்."