கண்ணாடிக்குள் ஒரு தேநீர்

வெள்ளவத்தை மாடியறையில் கணினி கடலையும் மிஞ்சி இரைகிறது. குண்டுவெடிப்பில் வலக்கையை இழந்த தேநீர்க்கடை ஹாஷிம் நானாவின் முகத்தில் பூசணிக்காய் பருமனில் மெய்நிகர் கண்ணாடி. மிஞ்சிய கைத்தசையை அவர் இறுக்கினால், திரையில் தெரியும் கை மூடும். கோப்பையை நசுக்காமல் தூக்கினால்தான் நிஜமாகவே ஒரு செயற்கைக் கை பூட்டுவார்களாம். மனிதர் இதுவரை ஒரு கப்பல் நிறையக் கோப்பைகளை நொறுக்கியாயிற்று. “அது ரொட்டி மாவில்ல நானா, மெதுவாப் பிடியுங்கோ,” என்கிறாள் பயிற்சி கொடுக்கும் சுகந்தி. “நீங்க கதைக்காம இரிங்க மகள்.” கை மூடுகிறது. கோப்பை முழுசாக இருக்கிறது. தட்டில் வைக்கச் சொன்னால், அவர் அதைத் தலைக்கு மேலே உயர்த்தி, இடக்கையைக் கீழே ஏந்தி, தேத்தண்ணி ஆற்றுகிறார். “கொதிக்குது, தள்ளி இரிங்க.” அறையில் எங்கள் முறைக்குக் காத்திருக்கும் நாங்கள் எல்லோரும் காலைத் தூக்கிக்கொள்கிறோம். சுகந்தி மட்டும் கைக்கு அளவெடுக்க நாடாவைத் தேடுகிறாள்.